வழுவழுப்பு வேற, பளபளப்பு வேற: பேப்பர் பத்தி வாசகர்கள் கேட்டதும் பதிலும்

போன இதழ்ல அச்சு, பேப்பர் சம்பந்தமா என்ன சந்தேகம்னாலும் எழுதுங்கன்னு சொல்லியிருந்தோம், கார்டும் வாட்ஸ்அப்புமா வந்து குவிஞ்சிருச்சு. பத்திரிகை அடிச்சவங்க, நோட்டு வாங்குனவங்க, சிவகாசிப் பக்கம் மெஷின் ஓட்டுறவங்கன்னு ஆளாளுக்கு ஒண்ணு கேட்டிருந்தாலும் முக்கால்வாசிக் கேள்வி கடைசில ஒரே இடத்துலதான் வந்து நிக்குது, பேப்பரோட மேல்பரப்பு. மதுரை சிம்மக்கல் பக்கம் 27 வருசமா ஆஃப்செட் பிரஸ்ல நிக்கிறவன் நான், எனக்குக் கைப்பழக்கமா தெரிஞ்சதையும் மில்லுக்காரங்ககிட்டக் கேட்டுக் கத்துக்கிட்டதையும் வச்சுச் சொல்றேன்.

வாசகி, மேலூர்: எங்க அப்பாவோட மணிவிழாவுக்கு ஒரு சின்ன மலர் போட்டோம். ஒரே போட்டோதான், அட்டையில பூச்சு போட்ட ஆர்ட் பேப்பர்ல பளிச்சுன்னு வந்துச்சு, உள்ள மேப்லித்தோவுல, அதான் புத்தகத்துக்குப் போடுற பூச்சு இல்லாத வெள்ளைத் தாள்ல, முகம் பூராம் கருத்து மங்கிப்போச்சு. பிரஸ்காரர் ஏமாத்திட்டாரா?

இல்லம்மா, ஏமாத்தலை. ஆனா ஒரு வேலையச் செய்யாம விட்டுட்டாரு, அது என்னன்னு கடைசில சொல்றேன்.

பேப்பரைச் சும்மா பாத்தா சமமாத் தெரியும். நல்ல லென்ஸ் வச்சுப் பாருங்க, வைக்கோலைப் பரப்பி மிதிச்ச களம் மாதிரி இருக்கும். நார் மேல நார் குறுக்கும் நெடுக்குமாக் கெடக்கும், ஒவ்வொரு நாரும் சுமார் 20 மைக்ரான் அகலம் (ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாப் பிரிச்சா அதுல ஒண்ணுதான் ஒரு மைக்ரான்), நடுவுல எல்லாம் பள்ளம். அச்சுல போட்டோங்கிறது சின்னச் சின்ன மைப் புள்ளிகள்தான். இப்ப அப்பா போட்டோவை 150 லைன் ஸ்கிரீன்ல, அதாவது ஒரு இன்ச்சுக்கு 150 புள்ளி வரிசையாப் போடுறாங்கன்னு வைங்க, ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் 169 மைக்ரான்தான் தூரம். நெத்தியில வெளிச்சம் படுற இடத்துல 5 சதவீதப் புள்ளி, அதாவது தாள்ல நூத்துல அஞ்சு பங்கை மட்டும் மூடுற புள்ளி வரும், அதோட குறுக்களவு 43 மைக்ரான், அதாவது ரெண்டு நார் அகலம்தான். அது பள்ளத்துல விழுந்தா காணாமப் போயிரும், மேட்டுல விழுந்தா நசுங்கி அகலமாயிரும். ஆஃப்செட்ல தாள் மேல உக்கார்ற மை ஒரு மைக்ரான், ரெண்டு மைக்ரான் கனம்தான், மேப்லித்தோவோட மேடுபள்ளமே 5, 6 மைக்ரான் இருக்கும், நல்ல ஆர்ட் பேப்பர்ல அது 1 மைக்ரான் பக்கத்துல வந்துரும். இம்புட்டு மெலிசு மைய வச்சு அம்புட்டுப் பள்ளத்தை எப்படி ரொப்புறது?

இதைச் சரி பண்ணத்தான் மில்லுல மூணு வேலை நடக்குது, மூணும் நம்ம வீட்டுல பாத்த வேலைதான். மொத வேலை கஞ்சி. வேட்டிக்குக் கஞ்சி போடுற மாதிரியே ஒரு தடவை காயவச்ச தாளை ரெண்டு ரோலர் நடுவுல விட்டு ரெண்டு பக்கமும் ஸ்டார்ச் கரைசலைப் பூசுவாங்க, சைஸ் பிரஸ்னு சொல்றது அதைத்தான். இதால மேலாப்புல எந்திரிச்சு நிக்கிற நார் படிஞ்சுரும், தண்ணி சட்டுன்னு உள்ள எறங்காது. ஆஃப்செட் மை சும்மா இருக்காது, பசை மாதிரி இழுக்கும், கஞ்சி பத்தாத தாள்ல நாரையே புடுங்கிட்டு வந்து பிளாங்கெட்ல, அதான் மையத் தாளுக்கு மாத்துற ரப்பர் விரிப்புல ஒட்டிரும், அந்த எடத்துல அச்சுல வெள்ளை வெள்ளையாப் பொட்டு விழும். பிக்கிங்னு திட்டிக்கிட்டே மெஷினை நிறுத்தித் தொடைப்போம் பாருங்க, அது இதுதான். மேப்லித்தோவுக்கு இந்தக் கஞ்சி உண்டு, அதுக்கு மேல பெருசா எதுவும் கெடையாது.

ரெண்டாவது வேலை கோட்டிங். இதைச் சொல்றதுக்கு மதுரைக்காரனுக்குத் திருமலை நாயக்கர் மஹால் போதும். 1636-ல கட்டுனது, உள்ள செங்கல்லும் காரையும்தான், ஆனா மேல சுண்ணாம்புல முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசித் தேய்ச்சிருக்காங்க, தூணைத் தடவுனா கல்லு மாதிரி வழவழங்கும். ஆர்ட் பேப்பரும் அச்சு அசல் அதே வேலைதான். காஞ்ச சுண்ணாம்புப் பூச்சு ரசாயனத்துல கால்சியம் கார்பனேட், பேப்பர் மேல பூசுறதும் கால்சியம் கார்பனேட்டும் சீனாக் களிமண்ணும். வெள்ளைக்கரு ஒட்டுப்பசையா நின்ன இடத்துல அந்தக் காலத்துல மில்லுக்காரங்க பால்ல எடுக்குற கேசினைப் போட்டாங்க, இப்ப லேட்டக்ஸும் ஸ்டார்ச்சும். இந்தத் துகள் பெரும்பாலும் 2 மைக்ரானுக்கும் கீழ, அதனால நாருக்கு நடுவுல இருக்குற பள்ளத்துல போய் உக்காந்து மூடிரும், மேல ஒரு புதுத் தரை வந்துரும். அந்தத் தரையில இருக்குற ஓட்டை எல்லாம் ரொம்பச் சின்னது, எண்ணெய மட்டும் மெல்ல உள்ள வாங்கிக்கிட்டு நெறத்தை மேலேயே நிறுத்திரும். நெறம் மேல நின்னாத்தான் கலர் ஆழமாத் தெரியும்.

மூணாவது இஸ்திரி, அதுக்குப் பேரு கேலண்டரிங், அடுத்த கேள்வியிலயே வருது.

இப்ப உங்க பிரஸ்காரர் விட்டதைச் சொல்றேன். ஒரே பைலை ரெண்டு தாளுக்கும் அப்படியே போட்டுட்டாரு. புள்ளி தாள்ல பரவுறதை டாட் கெயின்னு சொல்லுவோம், 50 சதவீதப் புள்ளி ஆர்ட் பேப்பர்ல சுமாரா 65-லருந்து 70 ஆகத் தெரியும், நியூஸ்பிரிண்ட்ல 75, 80-க்கே போயிரும், மேப்லித்தோ ரெண்டுக்கும் நடுவுல. அதனாலதான் முகம் கருத்துச்சு. ஆர்ட் பேப்பருக்கு 150, 175 லைன் போட்டா மேப்லித்தோவுக்கு 120, 133-ன்னு எறக்கணும், நியூஸ்பிரிண்ட்டுக்கு 85, 100 போதும், கூடவே போட்டோவோட நடுத்தர நெறத்தை முன்னாடியே கொஞ்சம் வெளுக்க வச்சுப் பிளேட் போடணும். அடுத்த தடவை மலர் போட்டீங்கன்னா போட்டோ பக்கங்களை மட்டும் சேத்து 8 பக்கம் ஆர்ட் பேப்பர்ல தனியா அடிச்சு நடுவுல வச்சுத் தைக்கச் சொல்லுங்க, பழைய ஆண்டு மலர்ல எல்லாம் அப்படித்தான் இருக்கும், செலவும் பெருசா ஏறாது.

வாசகர், திருமங்கலம்: புதுசா பிரஸ் வச்சிருக்கேன் அண்ணே. ஒரே 100 ஜிஎஸ்எம்னுதான் மேப்லித்தோவும் ஆர்ட் பேப்பரும் வாங்குனேன், ஆர்ட் பேப்பர் கையில புடிச்சா மெலிசா இருக்கு. கடைக்காரர் எடையில கை வச்சிட்டாரோன்னு சந்தேகம். சூப்பர் காலண்டர்னு வேற சொல்றாரு, அது காலண்டர் அடிக்கிற பேப்பரா?

தம்பி, தராசுல வச்சுப் பாருங்க, எடை சரியாத்தான் இருக்கும். ஜிஎஸ்எம்ங்கிறது ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்ங்கிற கணக்கு, அதுக்கும் தடிமனுக்கும் நேரடிச் சம்பந்தம் கெடையாது. 80 ஜிஎஸ்எம் ஜெராக்ஸ் பேப்பர் 100 மைக்ரானுக்குச் சித்த மேல வரும், பளபள ஆர்ட் பேப்பர்ல அந்தத் தடிமன் வேணும்னா 130 ஜிஎஸ்எம் வாங்கணும். களிமண்ணும் சுண்ணாம்பும் நாரை விடக் கனம், அது ஒரு காரணம், இஸ்திரி இன்னொரு காரணம்.

சிவகாசியில ஆடிப்பெருக்கு அன்னைக்கு ஆல்பம் வெளியிடுறாங்களே அந்த நாள்காட்டி வேற, இந்தக் கேலண்டர் வேற. இது சிலிண்டர்ங்கிற சொல்லுலருந்து வந்தது, ஒண்ணு மேல ஒண்ணா அடுக்குன உருளைகள். மில்லோட கடைசியில இரும்பு உருளை அடுக்கு ஒண்ணு இருக்கும், தாள் அதுல நுழைஞ்சு நுழைஞ்சு வரும். சூப்பர் கேலண்டர்னா ஒம்போது, பத்து, பன்னெண்டு உருளை நிக்கும், ஒண்ணு இரும்பு அடுத்தது மெத்துனு பஞ்சையோ காகிதத்தையோ அழுத்திச் செஞ்சதுன்னு மாத்தி மாத்தி வச்சிருப்பாங்க. சூடு, அழுத்தம், ஈரம் மூணும் சேந்தாத்தான் நார் படியும், காஞ்ச சட்டையில வெறும் இஸ்திரிப் பெட்டிய வச்சு எம்புட்டுத் தேய்ச்சாலும் சுருக்கம் போகுமா, தண்ணி தெளிச்சாத்தான போகுது, அதேதான்.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு, மெஷின் ஓட்டுறவங்க அவசியம் தெரிஞ்சுக்கணும். எந்தத் தாளும் உள்ளுக்குள்ள ஒரே சீரா இருக்காது, வெளிச்சத்துல புடிச்சுப் பாருங்க, மேகம் மேகமாத் தெரியும், கருப்பாத் தெரியுற இடத்துல நார் ஜாஸ்தி. ரெண்டு இரும்பு உருளைக்கு நடுவுல விட்டா தடிமன் எல்லா இடத்துலயும் ஒண்ணாயிரும், ஆனா நார் ஜாஸ்தி இருக்குற இடம் மட்டும் இறுகிரும். இறுகுன இடம் மைய உறிஞ்சாது, இளகுன இடம் உறிஞ்சும். பெரிய நீலப் பட்டை, பச்சைப் பட்டை அடிக்கும்போது தேமல் மாதிரித் திட்டுத் திட்டா வருதுல்ல, மையில கோளாறு, ரோலர்ல கோளாறுன்னு நாம அங்கிட்டும் இங்கிட்டும் தேடிக்கிட்டு இருப்போம், பல தடவை காரணம் இங்கதான் இருக்கும். மெத்துனு இருக்குற உருளை அந்த மேட்டுக்கு இடம் கொடுத்துப் போகும், அதனால இறுக்கம் சீரா வரும், மையும் சீரா உறிஞ்சும். இப்ப வர்ற மில்லுகள்ல பாலிமர் போர்த்துன மெத்து உருளையத் தாள் மெஷினோடயே சேத்து வச்சிர்றாங்க.

ஆனா இஸ்திரி ஓசியில வராது. அழுத்த அழுத்த வழுவழுப்பும் பளபளப்பும் ஏறும், தடிமன், விறைப்பு, வெளுப்பு, மறைப்பு நாலும் எறங்கும். விறைப்பு தடிமனைத் தடிமனால ரெண்டு தடவை பெருக்குற (கனம், அதாவது மும்மடி) கணக்குல போகும், தடிமன் அஞ்சுல ஒரு பங்கு கொறைஞ்சாலே விறைப்பு கிட்டத்தட்டப் பாதியாயிரும். மறைப்பு ஏன் கொறையுது? தாளுக்குள்ள நாருக்கு நடுவுல காத்து இருக்கு, அந்தக் காத்துதான் வெளிச்சத்தைச் சிதறடிச்சுப் பின்பக்க எழுத்தை மறைக்குது. பஜ்ஜி மடிச்ச பேப்பர்ல எண்ணெய் ஊறுன இடம் மட்டும் கண்ணாடி மாதிரி ஆயிரும் பாத்திருப்பீங்க, காத்து இருந்த இடத்துல எண்ணெய் போயிருச்சு, அதான் மறைப்பு போச்சு. ரொம்ப அழுத்துன தாளும் கொஞ்சம் அப்படித்தான். அதனால ரெண்டு பக்கமும் எழுத்து வர்ற புத்தகத்துக்கு பளபளக்குற தாள் வேணும்னு கஸ்டமர் அடம் புடிச்சா எடுத்துச் சொல்லுங்க, ட்யூப்லைட் வெளிச்சத்துல கண்ணு கூசும், படிக்கிறவங்க பாவம்.

பளபளப்பும் வழுவழுப்பும் ஒண்ணுன்னு நெனைக்கிறதுதான் இந்தத் தொழில்ல பெரிய கொழப்பம். புள்ளியை விழுங்குற பள்ளம் பல மைக்ரான் அகலம், அது இல்லேன்னா தாள் வழுவழுப்பு. பளபளப்பைத் தீர்மானிக்கிறது ஒளியோட அலை அளவுக்கு, அரை மைக்ரான் பக்கம் இருக்குற நுணுக்கமான சொரசொரப்பு. மேட் ஆர்ட்ல பெரிய பள்ளம் கெடையாது, நுணுக்கமான சொரசொரப்பு மட்டும் இருக்கும், அதான் பளபளப்பே இல்லாம படம் மட்டும் கூர்மையா வருது.

வாசகர், உசிலம்பட்டி: சுவரொட்டிப் பேப்பர் ஏன் ஒரு பக்கம் மட்டும் பளபளன்னும் இன்னொரு பக்கம் சொரசொரன்னும் இருக்கு?

மதுரைக்காரங்க கேக்க வேண்டிய கேள்விதான், போஸ்டர் இல்லாத சுவரு நம்ம ஊர்ல ஏது.

அதுக்கு எம்ஜி பேப்பர்னு பேரு, மெஷின் கிளேஸ்டு. கேலண்டர்ல நசுக்காம, ஈரத் தாளை ஆள் உசரத்தை விடப் பெரிய, கண்ணாடி மாதிரித் தேய்ச்ச ஒரு சூடான உருளையில ஒட்டவச்சு அது மேலயே காய விட்டிருவாங்க. தோசைய நெனைச்சுக்குங்க, கல்லுல ஒட்டுன பக்கம் கல்லோட வழுவழுப்ப வாங்கிக்கிரும், மேல்பக்கம் ஓட்டை ஓட்டையா நிக்கும். அதே சங்கதிதான். அழுத்தி நசுக்காததால தடிமனும் போகாது. பளபளப் பக்கத்துல படம், சொரசொரப் பக்கத்துல மைதா பசை, அது நல்லா ஊறிச் சுவத்தைக் கவ்விக்கிரும். ரெண்டு பக்கமும் வழுவழுன்னு இருக்குற ஆர்ட் பேப்பர்ல போஸ்டர் அடிச்சு ஒட்டிப் பாருங்க, பசை உள்ள எறங்க இடமே இருக்காது, காத்து அடிச்சா உரிஞ்சு தொங்கும்.

வாசகி, சிவகங்கை: பொண்ணு கல்யாணத்துக்கு நல்ல கனமான அட்டையில பத்திரிகை அடிச்சோம். மடிக்கிற இடத்துல நெறம் வெடிச்சு வெள்ளைக் கோடு விழுந்துருச்சு. நாலு மூலையில மஞ்சள் தடவுனா அதுவும் ஒட்டலை, தொட்டா உதிருது. பெரியவங்க சங்கடப்பட்டாங்க.

படிக்கும்போதே எனக்கும் மனசு ஒரு மாதிரி ஆயிருச்சும்மா. பத்திரிகை கையில வாங்குனதும் மொதல்ல பெரியவங்க கண்ணு அந்த மஞ்சளுக்குத்தான போகும்.

வெடிப்புக்கு ரெண்டு காரணம். பேப்பர்ல நார் பெரும்பாலும் மெஷின் ஓடுற தெசையில படுத்திருக்கும், அதைத்தான் கிரெய்ன்னு சொல்றோம். நாரு போற வாக்குல மடிச்சா விறகைப் பொளந்த மாதிரிச் சுத்தமா மடங்கும், குறுக்க மடிச்சா நாரே ஒடியணும், அது மேல இருக்குற களிமண் பூச்சும் சேந்து விரியும். ஆர்ட் கார்டுல பூச்சு ஜாஸ்தி, அது மேல அடர்த்தியான மெரூன் கலர் அடிச்சிருந்தா உள்ள இருக்குற வெள்ளை பளிச்சுன்னு தெரியும். தாள் வெட்டும்போதே கிரெய்ன் மடிப்புக்கு இணையா இருக்குற மாதிரிப் போட்டிருக்கணும், ரெண்டு தாளை அதிகப்படியா வாங்குற அந்தக் காசு மிச்சம் புடிக்கத்தான் பல இடத்துல திருப்பி வெட்டிர்றாங்க. ரெண்டாவது, கனமான அட்டைய வெறுமனே மடிக்கக் கூடாது, மொதல்ல கிரீஸிங் போட்டு ஒரு பள்ளத்தை அழுத்தி வச்சுக்கிட்டு, அதுக்குப் பின்பக்கம் எந்திரிக்கிற மேடு உள்பக்கம் வர்ற மாதிரி மடிக்கணும். நெறைய பேரு இதைத் தலைகீழா மடிக்கிறாங்க, கிரீஸ் போட்டும் வெடிக்குதேன்னு வருத்தப்படுறாங்க. மேல லேமினேஷன் பிலிம் ஒட்டியிருந்தா பிலிம் இழுத்துப் புடிச்சுக்கிரும், வெடிப்பு ரொம்பக் கொறையும்.

ஆனா அந்த பிலிம்தான் மஞ்சளுக்கு எதிரி. லேமினேஷன்ங்கிறது பிளாஸ்டிக், அதுல எதுவும் ஊறாது, தண்ணியில கொழச்ச மஞ்சள் மேல காஞ்சு உதிரும். புறஊதா வெளிச்சத்துல காயவைக்கிற யூவி வார்னிஷும் அப்படித்தான். எங்க பிரஸ்ல நான் வச்சிருக்குற வழக்கத்தைச் சொல்றேன்: பத்திரிகை உள்தாள் எப்பவுமே கோட்டிங் இல்லாத நல்ல தாள், மஞ்சள் அங்க தடவிக்கலாம், பேரு எழுதுறதுக்கும் பேனா மை ஊறி நிக்கும். கவரும் அப்படியே. பளபளப்பு, குறிப்பிட்ட இடத்துல மட்டும் யூவி வார்னிஷ் போடுற ஸ்பாட் யூவி, தங்க பாயில் எல்லாம் வெளி அட்டைக்கு மட்டும். பாயில் ஒழுங்கா ஒட்டணும்னாலும் தாளு வழுவழுன்னு இருக்கணும், கையால செஞ்ச சொரசொரத் தாள்ல சின்ன எழுத்தை பாயில்ல போடச் சொல்லாதீங்க, மேட்டுல ஒட்டிப் பள்ளத்துல விட்டுரும், பிள்ளையார் சுழி அறுந்து அறுந்து நிக்கும்.

வாசகர், நத்தம்: மேட் ஆர்ட்ல கருநீல அட்டை அடிச்சோம். காஞ்ச பிறகும் ஒண்ணோட ஒண்ணு உரசி மை கறையாகுது. காயலையா?

இதுல நான் சூடு பட்டிருக்கேன். தொழிலுக்கு வந்த புதுசுல ஒரு பள்ளிக்கூட ஆண்டு மலருக்கு மேட் ஆர்ட்ல முழு நீல அட்டை அடிச்சேன், ரெண்டாயிரம் பிரதி. மறுநாள் தொட்டுப் பாத்தேன், கையில ஒட்டலை, காஞ்சிருச்சுன்னு கட்டுக் கட்டி ஆட்டோவுல ஏத்திவிட்டேன். அங்க போய்ப் பிரிச்சா ஒவ்வொரு அட்டையோட வெள்ளைப் பின்பக்கத்துலயும் நீலக் கீறல். பிள்ளைங்க கையில கொடுக்க வேண்டியது. நானும் பைண்டரும் ராத்திரி பூராம் உக்காந்து ரப்பர் வச்சு அழிச்சுப் பாத்தோம், போகலை, சொந்தக் காசுல மறுபடி அடிச்சுக் கொடுத்தேன்.

அப்பறம்தான் புரிஞ்சுது. மேட் பூச்சுல போடுற கார்பனேட் துகள் கொஞ்சம் முரடு, அதோட அழுத்தமா இஸ்திரியும் போட மாட்டாங்க, அதனால அது நுணுக்கமான உப்புத்தாள் மாதிரி. மை காஞ்சிருந்தாலும் எதிர்ல இருக்குற தாள் அதைச் சொரண்டிரும். மை காயலைங்கிறது வேற கோளாறு, அதுல அடுக்குல கீழ இருக்குற தாளோட மை மேல் தாளுக்கு அப்படியே படம் படமா ஒட்டிரும், செட்-ஆஃப்னு சொல்லுவோம், அதுக்குத்தான் பவுடர் தூவுறது, அடுக்கைச் சின்னதா வைக்கிறது எல்லாம். உங்களுக்கு வந்தது உரசல். மேட் ஆர்ட்ல அடர்த்தியான நெறம் அடிச்சா மேல ஒரு வார்னிஷோ தண்ணிக் கோட்டிங்கோ மேட் லேமினேஷனோ இல்லாம வெளிய அனுப்பாதீங்க. இது கூடுதல் செலவுன்னு கஸ்டமர்கிட்ட மொதல்லயே சொல்லிருங்க.

ஆர்ட் பேப்பரா வெறும் தாளான்னு சந்தேகம் வந்தா ஒரு பழைய சோதனை இருக்கு, வெள்ளிக் கொலுசோ மோதிரமோ எடுத்துத் தாள் மேல தேய்ங்க, கோட்டிங் இருந்தா பென்சில் மாதிரிக் கருப்புக் கோடு விழும்.

வாசகர், சாத்தூர்: நாலு கலர் மெஷின் ஓட்டுறேன் அண்ணே. ஐப்பசி, கார்த்திகை வந்தா ரெஜிஸ்டர் நிக்க மாட்டேங்குது, நாலு கலரும் ஒண்ணு மேல ஒண்ணு சரியா உக்காராமத் தள்ளிப்போகுது, தாளோட ஓரம் அலை அலையா வருது. சித்திரையில ஓரம் இழுத்துக்கிட்டு நடுவுல தொப்பை போடுது.

உங்க கேள்வியிலயே விடை இருக்கு தம்பி. தாள் ஈரத்தைக் குடிச்சா விரியும், விட்டா சுருங்கும். நாரு நீளவாக்குல கொஞ்சமா, அகலவாக்குல அதைவிடப் பல மடங்கு. மழைக்காலத்துல ரீமைப் பிரிச்சு வச்சா அடுக்கோட ஓரம் மட்டும் ஈரம் குடிச்சு நீளும், நடு அப்படியே இருக்கும், அதான் அலை. அக்னி நட்சத்திர வெயில்ல ஓரம் காஞ்சு சுருங்கும், அதான் தொப்பை. 36 இன்ச் தாள் ஆயிரத்துல ஒரு பங்கு நீண்டாலே 0.9 மில்லிமீட்டர், நமக்கு 0.1 மில்லிமீட்டர் தள்ளுனாலே எழுத்து ரெட்டையாத் தெரியுமே.

மூணு காரியம் பண்ணுங்க. தாளை ரெண்டு நாள் முன்னாடியே மெஷின் ரூம்ல கொண்டாந்து வைங்க, ஆனா சுத்துன கவரைப் பிரிக்காம வைங்க, ஓட்டப்போற நேரம் பிரிச்சாப் போதும். தாளோட கிரெய்ன் சிலிண்டர் நீளத்துக்கு இணையா இருக்குற மாதிரி வாங்குங்க, அப்ப விரிவு சிலிண்டரைச் சுத்தி வர்ற தெசையில வரும், பிளேட்டுக்கு அடியில வைக்கிற பேக்கிங் தாளை மாத்தி ஓரளவு சமாளிச்சுக்கலாம், குறுக்கால விரிஞ்சா ஒண்ணும் பண்ண முடியாது. மூணாவது, பிளேட்டை நனைக்கிற டம்பிங் தண்ணியக் கொறைச்சு ஓட்டிப் பழகுங்க, ஒவ்வொரு கலர்லயும் தாள் தண்ணி குடிச்சுக்கிட்டே போகுது. கிரெய்ன் தெரியலைன்னா தாள்ல ஒரு துண்டைக் கிழிச்சு ஒரு பக்கம் மட்டும் நாக்குல நனைங்க, சுருண்டு குழாய் மாதிரி நிக்கும், குழாயோட நீளம் எந்தப் பக்கமோ அதுதான் கிரெய்ன்.

வாசகர், அலங்காநல்லூர்: எங்க பக்கம் கரும்புதான். கரும்புச் சக்கையில செய்யிற பேப்பர் மட்டம்னு ஒருத்தர் சொன்னாரு, உண்மையா?

இல்லவே இல்ல. கரூர் பக்கம் காகிதபுரத்துல இருக்குற டிஎன்பிஎல், அதாவது தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை, அரசாங்கம் 1979-ல சக்கைய நம்பி ஆரம்பிச்சதுதான், 1984-லருந்து தாள் வருது. சக்கை நாரு கட்டையா இருக்கும், இண்டு இடுக்கெல்லாம் ரொப்பித் தாளை நல்லா மூடிரும், அதனால மேல்பரப்பு வழுவழுப்பா வரும், அச்சுக்கு நல்லது. கிழிபடுற வலு மட்டும் நீள நாரு அளவுக்கு இருக்காது, அதுக்கு வேற கூழைக் கலந்துக்குவாங்க. கரும்புக்குள்ள இருக்குற பஞ்சு மாதிரிச் சோத்தை ஒழுங்காப் பிரிச்சு எடுக்கணும், அது தங்கிட்டா தாள்லருந்து பிய்ஞ்சு பிளாங்கெட்ல ஒட்டும். சுத்தமாப் பிரிச்சிருந்தா குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல.

ஆசிரியை, ஒத்தக்கடை: புள்ளைங்க மை பேனாவுல எழுதுனா சில நோட்டுல மை கிளை விட்டுப் பரவுது, பின்னாடியும் தெரியுது.

கஞ்சி பத்தலை டீச்சர், தண்ணி ஊறாம இருக்கக் கூழ்லயே கலக்குற சைஸும் பத்தலை. மில்லுல இதை அளக்குறதுக்கு காப்னு ஒரு சோதனை வச்சிருக்காங்க, தாள் மேல 60 விநாடி தண்ணிய நிறுத்தி எத்தனை கிராம் குடிச்சுச்சுன்னு பாப்பாங்க. கடையில நீங்க ஒரு சொட்டுத் தண்ணி வச்சுப் பாருங்க, முத்து மாதிரி நின்னா வாங்குங்க, வச்சதும் கருத்துப் பரவுனா வேண்டாம். நோட்டு கனமா இருக்கு, வெள்ளையா இருக்குங்கிறத வச்சு முடிவு பண்ணாதீங்க.

வாசகர், சோழவந்தான்: தாத்தா வச்சிருந்த தமிழ்ப் புத்தகம் எல்லாம் பழுப்பேறித் தொட்டா ஒடியுது. அதை விடப் பழைய ஏட்டுச் சுவடி நல்லா இருக்கு. இது எப்படி?

மை ஊறாம இருக்கத் தாளுக்குள்ள ரோசின்ங்கிற மரப் பிசினும் படிகாரமும் போடுற முறைய ஜெர்மனியில மோரிட்ஸ் இல்லிக் 1807-ல சொன்னாரு, உலகம் பூராம் அதைத்தான் புடிச்சுக்கிட்டாங்க. எழுதவும் அச்சடிக்கவும் அருமையா இருந்துச்சு, ஆனா அந்தப் படிகாரம் தாளுக்குள்ள அமிலத்தை உண்டாக்கி நாரைக் கொஞ்சம் கொஞ்சமா அரிச்சிருச்சு. மரத்தை அப்படியே அரைச்ச கூழா இருந்தா பழுப்பும் சீக்கிரம் ஏறும். இப்ப வர்ற நல்ல தாள்ல அமிலம் இல்லாத சைஸும், அமிலத்தை அடக்குற கால்சியம் கார்பனேட்டும் இருக்கு, அதனால நம்ம பேரப்பிள்ளைங்க காலத்துக்கும் நிக்கும். ஏட்டுக்கு அந்த அமிலத் தொல்லையே கெடையாது, ஓலைய வேகவச்சுக் காயவச்சுச் சங்கால தேய்ச்சு வழுவழுப்பாக்கி, எழுத்தாணியால கீறிக் கரி பூசுனாங்க, எழுத்து ஓலைக்குள்ளயே இருக்கு.

தாத்தா புத்தகத்தை லேமினேஷன் மட்டும் பண்ணிராதீங்க, உள்ள அமிலம் அப்படியே இருக்கும், பிறகு பிரிக்கவும் முடியாது. செல்லோ டேப்பும் வேண்டாம். வெயிலும் ஈரமும் படாத இடத்துல நிமித்தி வைக்காம படுக்க வச்சு அடுக்குங்க, பக்கம் இன்னும் திருப்ப முடியுற நெலமையில இருக்கும்போதே ஒவ்வொரு பக்கமா போட்டோ எடுத்து வச்சிருங்க.